இரண்டாம் வரிசையில் ரேடியேட்டர்

"ஓடும்போது ஒண்ணும் இல்லை, நின்னா ஹீட் ஆகுது." பழைய அம்பாசடரில் புதிதாக ஏ.சி. போட்டவர்கள் மெக்கானிக்கிடம் கொண்டுவரும் முதல் புகார் பெரும்பாலும் இதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்வரை வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்கும். மே மாத மதியம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் கதை மாறும். முன்னால் லாரி, பின்னால் பஸ், உள்ளே ஏ.சி. ஓடுகிறது. ஐந்து நிமிடத்தில் முள் ஏறத் தொடங்கி, அடுத்த ஐந்தில் சிவப்புக் கோட்டைத் தொடும். கேட் திறந்து வண்டி நகர்ந்ததும் தானாக இறங்கிவிடும்.

மெக்கானிக் சொல்லும் வைத்தியமும் அநேகமாக ஒன்றுதான்: "பெரிய ரேடியேட்டரா போட்டுடலாம், சார்." புதுப்பேட்டையில் அலைந்தால் கிடைக்கும். போட்டும் விடுகிறார்கள். அடுத்த ரயில்வே கேட்டில் முள் மறுபடி ஏறுகிறது. ஐந்து நிமிடத்தில் ஏறியது இப்போது எட்டு நிமிடத்தில் ஏறும், அவ்வளவுதான் லாபம். கூடுதல் தண்ணீர் சூடாவதற்கு அந்த மூன்று நிமிடம் ஆயிற்று.

புகாரின் முதல் வார்த்தையிலேயே விடை இருந்தது. ஓடும்போது இன்ஜின் அதிக பெட்ரோலை எரிக்கிறது, அதிக வெப்பத்தைக் கழிக்கிறது. நிற்கும்போது இரண்டுமே குறைவு. அதிக வெப்பத்தைச் சமாளித்த ரேடியேட்டர் குறைந்த வெப்பத்தில் தோற்கிறது என்றால், தோற்றது ரேடியேட்டராக இருக்க முடியாது. ஓடும்போது இருந்து, நின்றதும் காணாமல் போன ஏதோ ஒன்றைத் தேட வேண்டும். அப்படிக் காணாமல் போவது ஒன்றே ஒன்று: காற்று.

இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான். இன்ஜினைக் குளிரவைப்பது என்றாலே தண்ணீர் என்று நினைத்துப் பழகிவிட்டோம். தண்ணீர் வெறும் இடைத்தரகர். இன்ஜினில் வாங்கியதை ரேடியேட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. கடைசியில் வாங்கிக்கொண்டு போக வேண்டியது காற்று. காற்றோ வெப்பம் சுமப்பதில் மகா சோனி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறும்போது வாங்கும் வெப்பத்தை, அதே ஒரு டிகிரி ஏற்றத்தில் வாங்க ஏறத்தாழ 3,600 லிட்டர் காற்று தேவை. ரேடியேட்டர் குழாய்களுக்கு நடுவே தாள் போன்ற மெல்லிய தகடுகளை நெருக்கமாக மடித்து வைத்திருப்பதன் காரணம் இதுதான். தண்ணீர்ப் பக்கத்தில் வழவழப்பான சிறு குழாய் போதும். காற்றுப் பக்கத்துக்கு அதைப்போலப் பல மடங்கு பரப்பு வேண்டும். அப்போதும் வெப்பத்தின் பாதையில் மிகப் பெரிய தடை காற்றுப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். தோராயமான எண்கள்தான், ஆனால் கதையைச் சொல்லப் போதும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கு 6 லிட்டர் குடிக்கும். அது 53 கிலோவாட். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 18 கிலோவாட், தண்ணீர் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. இன்னொரு பெரும் பங்கு சைலன்சர் வழியாகப் போய்விடும். மீதிதான் வண்டியை நகர்த்துகிறது.

நின்றுகொண்டு ஐட்லிங்கில் ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டர் செலவு என்று வைத்துக்கொள்வோம். மொத்தமே 9 கிலோவாட், தண்ணீருக்கு வருவது நான்கு. ஏ.சி.யைப் போட்டதும் கம்ப்ரஸர் 2 கிலோவாட் இழுக்கிறது. அதைக் கொடுக்க இன்ஜின் கூடுதலாக எரிக்க வேண்டும், தண்ணீருக்கு வரும் வெப்பம் ஆறாக உயர்கிறது. அப்போதும் ஓடும்போது வந்ததில் மூன்றில் ஒரு பங்குதான்.

ஆனால் ஏ.சி. இன்னொரு காரியமும் செய்கிறது. காருக்குள்ளிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. உள்ளிருந்து 4 கிலோவாட்டை எடுத்தால், கம்ப்ரஸர் போட்ட 2 கிலோவாட்டும் அதோடு சேர்ந்து, கண்டென்ஸரில் 6 கிலோவாட்டாக வெளியே வரும். கண்டென்ஸரை எங்கே வைத்திருக்கிறோம்? கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு நேர் முன்னால். காற்று முதலில் கண்டென்ஸரைச் சந்தித்துவிட்டுத்தான் ரேடியேட்டருக்கு வருகிறது. நிற்கும் வண்டியில், தண்ணீர் கழிக்க வேண்டிய வெப்பம் எவ்வளவோ அவ்வளவு வெப்பத்தை ஏ.சி. முன்கூட்டியே காற்றில் ஏற்றிவிட்டிருக்கும். ரேடியேட்டருக்குக் கிடைப்பது எச்சில் காற்று.

(சென்னைக்காரர்களுக்குக் கூடுதல் தண்டனை ஒன்று உண்டு. ஏ.சி. காற்றைக் குளிர்விப்பதோடு நிற்பதில்லை, அதிலிருக்கும் ஈரத்தையும் பிழிந்தெடுக்கிறது. வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீர் மணிக்கு ஒரு லிட்டர் என்றால், அந்த நீராவியைத் தண்ணீராக்க மட்டும் முக்கால் கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகிறது. அதுவும் கண்டென்ஸர் வழியாக ரேடியேட்டரின் முகத்தில்தான் வந்து விழும்.)

இந்தச் சங்கடம் அம்பாசடருக்கு மட்டும் உரியதல்ல. கார் ஏ.சி. பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாடல்களில் முதன்முதலாகத் தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்தி விற்றது. குளிர்காயில் பின்னால் டிக்கிப் பக்கத்தில் இருந்தது. கம்ப்ரஸருக்குக் கிளட்ச் கிடையாது. ஏ.சி. வேண்டாத காலத்தில் இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். இன்று ஒரு பொத்தானில் கம்ப்ரஸரைப் பிரிக்க முடிகிறதே, அந்த மின்காந்தக் கிளட்ச் குளிரூட்டலுக்கும் எப்படி உதவுகிறது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

அம்பாசடரின் பிறவிக் குணத்தையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத்தான் கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை அம்பாசடராகச் செய்துகொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் கோடைக்காகப் பிறந்த வண்டி. வெளியே 25 டிகிரி, தண்ணீர் 90 டிகிரி என்றால் நடுவே 65 டிகிரி வித்தியாசம். ரேடியேட்டர் தள்ளும் வெப்பம் இந்த வித்தியாசத்துக்கு நேர்விகிதம். வேலூரில் 42 டிகிரி அடிக்கும் நாளில் அதே வித்தியாசம் 48 ஆகச் சுருங்குகிறது. ஏ.சி.யைத் தொடுவதற்கு முன்பே கால் பங்குத் திறன் போய்விட்டது.

இன்ஜினை மாற்றியவர்களுக்கு ஓர் ஆறுதல். 1,489 சிசி இன்ஜினை எடுத்துவிட்டு மேட்டடார் வேனின் டீசல் இன்ஜினை ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 1.8 லிட்டர் இசுஸு இன்ஜினைப் பொருத்தியது. இப்போது ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிக்கொண்டு நவீன இன்ஜின்களைப் போடுகிறார்கள். பெரிய இன்ஜின் என்றால் பெரிய ரேடியேட்டர் என்பது பாதி உண்மை. வெப்பம் இன்ஜினின் அளவிலிருந்து வருவதில்லை, எரியும் பெட்ரோலிலிருந்து வருகிறது. அதே உடம்பை அதே வேகத்தில் தள்ள ஏறக்குறைய அதே சக்திதான் தேவை. புதிய இன்ஜினின் முழு பலத்தையும் கேட்கும் நேரங்களில், மலை ஏறும்போதும் நான்கு வழிச்சாலையில் விரட்டும்போதும்தான், பழைய ரேடியேட்டர் போதாமல் போகும். ரயில்வே கேட்டில் அந்த பலம் சும்மா தூங்குகிறது.

இனி கேட்டுக்கே திரும்புவோம். இன்ஜினோடு சுற்றும் பழைய விசிறி ஐட்லிங்கில் நொடிக்கு 0.3 கிலோ காற்றை இழுக்கிறது என்று கொள்வோம். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோஜூல் போதும். ஆக, 42 டிகிரியில் வந்த காற்று கண்டென்ஸரின் 6 கிலோவாட்டை வாங்கியதும் 62 டிகிரி ஆகிவிடும். ரேடியேட்டர் தன் 6 கிலோவாட்டைக் கொடுத்ததும் 82 டிகிரி. தண்ணீர் 95 டிகிரியில் இருந்தால், ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றைவிட 33 டிகிரி அதிகம். ரேடியேட்டர் ஓரளவு நல்லதாக இருந்தால் இதில் பிழைத்துக்கொள்ளும். முள் கொஞ்சம் மேலே நிற்கும், கொதிக்காது.

ஆனால் அந்த 82 டிகிரிக் காற்று எங்கே போகிறது? முன்னால் லாரி நிற்கிறது. பானெட்டுக்குள் இன்ஜின் அடைத்துக்கொண்டிருக்கிறது. கீழே தார்ச்சாலை. ரேடியேட்டரின் பக்கவாட்டிலும் அடியிலும் விரல் நுழையும் இடைவெளிகள். விசிறி முன்பக்கம் காற்றை உறிஞ்சுவதால் அங்கே அழுத்தம் குறைவு, பின்பக்கம் அதிகம். சூடான காற்று அந்த இடைவெளிகள் வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி முன்னால் வந்துவிடுகிறது. விசிறி இழுப்பதில் கால் பங்கு இப்படித் திரும்பி வந்த காற்று என்று வைத்துக் கணக்கிட்டால், கண்டென்ஸருக்குள் நுழையும் காற்றே 55 டிகிரி. அதைத் தாண்டும்போது 75. அதே 33 டிகிரி வித்தியாசம் வேண்டுமென்றால் தண்ணீர் 108 டிகிரிக்கு ஏற வேண்டும். ஏறத்தான் செய்கிறது.

இதோடும் முடியவில்லை. கண்டென்ஸர் சூடாக ஆக, உள்ளிருக்கும் கேஸின் அழுத்தம் ஏறுகிறது. ஆர்-134ஏ என்ற கேஸ் 50 டிகிரியில் திரவமாக 13 பார் அழுத்தம் போதும். 70 டிகிரியில் 21 பார் வேண்டும். அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளக் கம்ப்ரஸர் இன்னும் அதிகம் இழுக்கும், இன்ஜின் இன்னும் அதிகம் எரிக்கும், காற்று இன்னும் சூடாகும். "கேஸ் குறைஞ்சிருக்கும், அடிச்சுப் பாருங்க" என்று யாராவது இந்த நேரத்தில் சொல்வார்கள். அடித்தால், கண்டென்ஸரில் திரவம் கூடி, அழுத்தம் மேலும் ஏறும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். இடைவெளிகளை அடைத்துவிட்டு, விசிறியின் காற்றை நொடிக்கு 0.6 கிலோவாக்குவோம். ரேடியேட்டர் பழையதுதான். கண்டென்ஸரைத் தாண்டிய காற்று 52 டிகிரி. காற்று வேகமாகப் போவதால் ஒவ்வொரு கிலோவும் வாங்கும் பங்கு சற்றுக் குறையும், அதையும் கழித்துவிட்டுப் பார்த்தால் தண்ணீர் 75 டிகிரியிலேயே தன் சுமையை இறக்கிவிடும். அதாவது 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட், "இவ்வளவு குளிர்ச்சி வேண்டாம்" என்று வழியைப் பாதி மூட வேண்டிய நிலை.

காற்றை இரட்டிப்பாக்குவது எப்படி என்பது பட்டறை விஷயம், அதில்தான் சுவாரசியம் அதிகம். முதலில் ஷ்ரௌடு, அதாவது விசிறியைச் சுற்றி ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடும் தகட்டுக் கூடு. 45 செ.மீ. சதுரமான ரேடியேட்டரின் பரப்பு 2,025 சதுர செ.மீ. அதன் நடுவே சுற்றும் 35 செ.மீ. விசிறியின் வட்டம் 962. கூடு இல்லையென்றால் விசிறி தன் வட்டத்துக்கு நேரே உள்ள பாதியிலிருந்து மட்டும் இழுக்கும். நான்கு மூலைகளும் நிற்கும் வண்டியில் சும்மா இருக்கும். எத்தனை ஆயிரம் கொடுத்துப் பெரிய ரேடியேட்டர் வாங்கினாலும், கூடு இல்லாவிட்டால் கூடுதலாக வாங்கியது அந்தச் சும்மா இருக்கும் மூலைகளைத்தான். ஜி.பி. ரோட்டில் ரெடிமேடாகக் கிடைக்காவிட்டாலும் ஒரு டிங்கர் அரை நாளில் மடித்துக் கொடுத்துவிடுவார். விசிறி இறக்கை அகலத்தில் பாதி கூட்டுக்குள், பாதி வெளியே இருக்க வேண்டும் என்பது பழைய பட்டறை விதி. அது இன்றும் சரிதான்.

அடுத்து இடைவெளிகள். கிரில்லுக்கும் கண்டென்ஸருக்கும், கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும், ரேடியேட்டருக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு சந்தையும் ஃபோம் பட்டையாலோ ரப்பர் தகட்டாலோ அடைக்க வேண்டும். மொத்த மேம்பாட்டில் மிக மலிவானது இது. அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. காற்று சோம்பேறி. ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் நுழைவதைவிடப் பக்கத்துச் சந்தில் நழுவுவது அதற்குச் சுலபம். 1930களின் நடுவில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் மெரிடித் என்ற பொறியாளர் இதை முறையாக ஆராய்ந்தார். சிறிய வாயில் நுழைந்து விரியும் மூடிய குழாயில் காற்று வேகம் குறைந்து அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் காற்றை ரேடியேட்டருக்குள் அமுக்கும். ரேடியேட்டர் கொடுத்த வெப்பத்தால் விரிந்த காற்றைப் பின்வாயில் குறுக்கி வெளியேற்றினால் சிறிது உந்துவிசைகூடத் திரும்பக் கிடைக்கும். மஸ்டாங் போர் விமானத்தின் வயிற்றில் தொங்கும் அந்தக் குழாய் இந்தக் கணக்கில் பிறந்தது. நமக்கு உந்துவிசை வேண்டாம். வாய்க்கும் ரேடியேட்டருக்கும் நடுவே காற்று தப்பிக்க வழி இருக்கக்கூடாது என்பது மட்டும் போதும்.

பிறகு விசிறி. இன்ஜின் விசிறியின் குறை அதன் பிறப்பிலேயே இருக்கிறது. தேவை அதிகமான ஐட்லிங்கில் மெதுவாகவும், தேவையே இல்லாத நெடுஞ்சாலையில் மும்மடங்கு வேகமாகவும் சுற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்கானால் விசிறி உண்டாக்கும் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகும். கண்டென்ஸர், ரேடியேட்டர் என்று இரண்டு சல்லடைகளைத் தாண்டி இழுக்க அந்த அழுத்தம் போதாது. மின்விசிறிக்கு இன்ஜின் வேகம் ஒரு பொருட்டில்லை. பின்னாலிருந்து இழுப்பது, முன்னாலிருந்து தள்ளுவது என இரண்டு வகை உண்டு. இடம் இருந்தால் பின்னாலிருந்து இழுப்பதே மேல். முன்னால் வைத்த விசிறி ஓடும்போது எதிர்க்காற்றை மறைத்துக்கொண்டு நிற்கும். ஏ.சி. போடும் கடைகளில் அடிக்கடி நடக்கும் கூத்து ஒன்று உண்டு. தள்ளும் விசிறிக்கு வயரை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். இன்ஜின் விசிறி பின்னால் இழுக்க, மின்விசிறி முன்னால் தள்ள, நடுவில் கண்டென்ஸர் வேகும். கிரில்லுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துப் பார்த்தால் ஐந்து நொடியில் தெரிந்துவிடும். உள்ளே ஒட்ட வேண்டும், பறக்கக்கூடாது.

மின்விசிறி என்றதும் மின்சாரம் பற்றிப் பேசியாக வேண்டும். பழைய டைனமோ முழு வேகத்தில் 22 ஆம்பியர் கொடுக்கும், ஐட்லிங்கில் ஏறத்தாழ ஒன்றும் தராது. விசிறிக்கு 12, ஏ.சி. புளோயருக்கு 10, கம்ப்ரஸர் கிளட்சுக்கு 4, இரவில் ஹெட்லைட்டுக்கு 10. கூட்டிப் பாருங்கள். பேட்டரியிலிருந்து உறிஞ்சிக்கொண்டே நிற்கும். வோல்ட் இறங்க இறங்க விசிறியின் வேகமும் இறங்கும். ஆகவே டைனமோவை எடுத்துவிட்டு ஐட்லிங்கிலும் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் போடாமல் மின்விசிறி வைப்பதில் அர்த்தமில்லை. வயரும் தடிமனாக இருக்க வேண்டும், ரிலே வழியாகப் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும். டாஷ்போர்டு சுவிட்சிலிருந்து மெல்லிய வயரில் விசிறிக்கு மின்சாரம் எடுத்தால், வழியிலேயே ஒரு வோல்ட் இரண்டு வோல்ட் கரைந்துபோகும்.

தண்ணீர்ப் பக்கத்தில் கைவைக்க வேண்டியது குறைவு. கெடுக்காமல் இருக்க வேண்டியது அதிகம்.

தெர்மோஸ்டாட்டிலிருந்து தொடங்கலாம். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார், கழட்டிப் போட்டுடுவோம்" என்ற ஆலோசனைக்குத் தமிழ்நாடு முழுக்க ஆதரவு உண்டு. அதற்கு எதிர்க்கட்சியும் உண்டு: "கழட்டினா தண்ணி ரொம்ப வேகமா ஓடும், ரேடியேட்டர்ல ஆற நேரம் கிடைக்காது" என்பார்கள். இரண்டும் தவறு. தண்ணீர் மூடிய வட்டத்தில் சுற்றுகிறது. ரேடியேட்டரில் அது இருக்கும் நேரம் பாதியானால், அங்கே வந்துபோகும் முறை இரட்டிப்பாகிறது. வேகமான ஓட்டம் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். கழற்றுவதால் வரும் கேடு வேறு. பல இன்ஜின்களில் ரேடியேட்டருக்குப் போகாமல் பம்புக்கே நேராகத் திரும்பும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. தெர்மோஸ்டாட் வகையைப் பொறுத்து, திறக்கும்போது அந்தக் குறுக்குவழியை மூடும் வேலையும் அதனுடையது. அது இல்லையென்றால் ஒரு பங்கு தண்ணீர் ஆறாமலேயே சுற்றும். அதோடு, தெர்மோஸ்டாட்டின் குறுகிய வாய் பம்புக்கு எதிராகச் சிறு தடையாக நின்று, இன்ஜின் தலைக்குள் தண்ணீரின் அழுத்தத்தைச் சற்று உயர்த்தி வைக்கிறது. அந்த அழுத்தம் ஏன் முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் கொதித்தலைப் பற்றித் தெரிய வேண்டும்.

1934இல் ஜப்பானின் செண்டாய் நகரில் நுகியாமா என்ற பேராசிரியர் தண்ணீருக்குள் மெல்லிய கம்பியை வைத்து மின்சாரம் பாய்ச்சி, எவ்வளவு வெப்பம் போகிறது என்று அளந்தார். கம்பி தண்ணீரின் கொதிநிலையை சில டிகிரி தாண்டியதும் சிறு குமிழிகள் கிளம்பின. குமிழி ஒவ்வொன்றும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு பிரிய, அந்த இடத்துக்குப் புதுத் தண்ணீர் பாய்ந்தது. வெப்பம் பிரமாதமாகப் போயிற்று. மின்சாரத்தை மேலும் ஏற்றியபோது ஒரு கட்டத்தில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கம்பியைச் சுற்றி ஆவிப் போர்வை ஆயின. தண்ணீர் உலோகத்தைத் தொடவே முடியவில்லை. கம்பியின் வெப்பம் தாவி ஏறியது, சில கம்பிகள் உருகியே போயின. நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர், சட்டென்று ஆவியாகாமல் முத்து முத்தாக உருண்டோடுகிறதே, அதே ஆவிப் போர்வைதான்.

இன்ஜின் தலையில், எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய இடத்தில், வெப்பமானி சாதாரணமாகக் காட்டும்போதே இந்தக் குமிழிகள் கிளம்பிக்கொண்டிருக்கும். அதில் ஆபத்தில்லை, நல்லதுதான். போர்வையாக மாறினால்தான் தலை கோணிக்கொள்ளும், கேஸ்கெட் போகும். கொதிநிலையை உயர்த்தி வைத்தால் அந்தக் கட்டம் தள்ளிப்போகும். ரேடியேட்டர் மூடியில் இருக்கும் ஸ்பிரிங் இதற்காகத்தான். பழைய வண்டிகளின் 7 பி.எஸ்.ஐ. மூடியில் தண்ணீர் 111 டிகிரி வரை கொதிக்காது. 13 பி.எஸ்.ஐ. மூடியில் 118 வரை. முன்பு கணக்கிட்ட 108 டிகிரியை நினைத்துக்கொள்ளுங்கள். 7 பி.எஸ்.ஐ. மூடி என்றால் கொதிக்க மூன்று டிகிரிதான் மிச்சம். ஆனால் முப்பது வருடப் பழைய பித்தளை ரேடியேட்டரில் போய் 13 மூடியைப் போட்டால் ஈயப் பற்று விட்டுக்கொள்ளும். மூடியை ஏற்றுவதற்கு முன் ரேடியேட்டர் கடையில் பிரஷர் வைத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது உப்பு. போர் தண்ணீரை ஊற்றிப் பழகிய இன்ஜின்களில் வெள்ளைப் படிவம் பிடித்திருக்கும். இரும்போடு ஒப்பிட்டால் அந்தச் சுண்ணாம்பு வெப்பத்தைக் கடத்தாது என்றே சொல்லலாம். இன்ஜின் தலையின் சூடான பகுதியில் சதுர மீட்டருக்கு 2 லட்சம் வாட் பாய்வதாக வைத்தால், ஒரு மில்லிமீட்டர் இரும்பைத் தாண்ட 4 டிகிரி வித்தியாசம் போதும். ஒரு மில்லிமீட்டர் உப்பைத் தாண்ட 100 டிகிரி வரை ஆகும். தண்ணீர் 90 என்று வெப்பமானி காட்டும், உலோகம் அதற்கு மேல் நூறு டிகிரி கூடுதலாக வெந்துகொண்டிருக்கும். வெப்பமானிக்கு இது தெரியவே தெரியாது. ஏ.சி. பொருத்துவதற்கு முன் செய்யும் மிகப் பயனுள்ள காரியம், படிவத்தைக் கரைத்துக் கழுவி, வடித்த தண்ணீரும் கூலன்டும் கலந்து நிரப்புவது. கூலன்டில் இருக்கும் கிளைகால் உண்மையில் தண்ணீரைவிடக் குறைவாகவே வெப்பம் சுமக்கும். ஐஸ் பிடிக்காத ஊரில் பாதிக்குப் பாதி கலப்பதற்குக் காரணமில்லை, கூலன்ட் டப்பாவில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அளவு போதும். நாம் வாங்குவது அதிலிருக்கும் துரு தடுப்பு மருந்தையும் கொஞ்சம் கூடுதல் கொதிநிலையையும்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் நெடுஞ்சாலையில் முள் ஏறினால், அப்போது ரேடியேட்டரை மாற்றுங்கள். எதிர்க்காற்று தாராளமாக வரும் வேகத்திலும் போதவில்லை என்றால் அது நிஜமாகவே போதவில்லை. ஆனால் அதற்கு முன் டைமிங்கைப் பார்த்துவிட வேண்டும். தீப்பொறி தாமதமாக விழுந்தால், எரிதல் இழுத்துக்கொண்டே போய், சக்கரத்துக்குப் போக வேண்டியது எக்ஸாஸ்ட் வழியிலும் தண்ணீரிலும் போய்ச் சேரும். பம்பின் உறிஞ்சும் பக்கத்துக் கீழ் ஹோஸ் தளர்ந்துபோயிருந்தால், வேகத்தில் அது சப்பையாக ஒட்டிக்கொண்டு தண்ணீரையே நிறுத்திவிடும்.

ரேடியேட்டர் வாங்கும்போது கனத்தைப் பார்த்து மயங்கக்கூடாது. இரண்டு வரிசைக் குழாய்க்குப் பதில் நான்கு வரிசை போட்டால் திறன் இரட்டிப்பாகாது. முதல் வரிசைகள் சூடாக்கிய காற்றுதான் கடைசி வரிசைக்குக் கிடைக்கிறது. கனமான கோர் காற்றுக்குத் தடையையும் கூட்டுகிறது. நிற்கும் வண்டியில் அது நஷ்டமாகவே முடியலாம். கனத்தைவிட அகலமும் உயரமும் முக்கியம். செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட உயர்ந்தது என்பது பாடப்புத்தகத்தில் சரி. பழைய ரேடியேட்டரில் செம்புத் தகட்டுக்கும் பித்தளைக் குழாய்க்கும் நடுவே ஈயப் பற்று இருக்கிறது. அலுமினிய ரேடியேட்டரில் தகடும் குழாயும் ஒரே உலோகமாக உலையில் இணைகின்றன, குழாயும் அகலமாக அமைகிறது. கைக்கு வரும்போது இரண்டும் ஏறக்குறைய சமம். எடையில் அலுமினியம் ஜெயிக்கும். ஊர்ப் பட்டறையில் பற்றவைத்துத் திருத்துவதில் பித்தளை ஜெயிக்கும். அம்பாசடருக்கு நான் பித்தளைக்கே வாக்களிப்பேன். கண்டென்ஸரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பழைய பாம்புக் குழாய் வகையைத் தவிர்த்து, பல இணைக் குழாய்கள் கொண்ட புதிய வகையைப் போட்டால் அதே 6 கிலோவாட்டைக் குறைந்த அழுத்தத்தில் கழிக்கலாம். கம்ப்ரஸரின் இழுப்பு குறையும்.

மலைப்பாதை தனிக் கதை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது வேகம் குறைவு, இன்ஜினின் உழைப்பு அதிகம். மேலே போகப் போகக் காற்று மெலிந்து அதன் சுமக்கும் திறன் குறையும். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்றுக் குறைவிலேயே கொதிக்கும், மூடி கொடுக்கும் கூடுதல் பாதுகாப்பும் அங்கிருந்துதான் தொடங்கும். இங்கேதான் பேக்கார்டுக்குக் கிடைக்காத கிளட்ச் உதவுகிறது. தண்ணீர் குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டியதும் கிளட்சின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறிய சுவிட்சை இன்ஜின் தலையில் பொருத்தலாம். ஒரே நொடியில் கண்டென்ஸரின் 6 கிலோவாட்டும் கம்ப்ரஸரின் இழுப்பும் காணாமல் போகும், முள் இறங்கியதும் தானாக ஏ.சி. திரும்பி வரும். புதிய கார்களின் கணினி இதையேதான் செய்கிறது, சொல்லாமல் செய்வதால் நமக்குத் தெரிவதில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே இன்ஜினை அணைக்க வேண்டாம். அணைத்த கணத்தில் பம்பு நிற்கும், தண்ணீர் நிற்கும், இரும்பில் தேங்கிய வெப்பம் நிற்காது. நின்ற தண்ணீர் சில நிமிடம் மேலும் சூடேறும். ஏ.சி.யை மட்டும் அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடுவது நல்லது. மின்விசிறியின் வெப்ப சுவிட்சைச் சாவி வழியாக இல்லாமல் பேட்டரியோடு இணைத்திருந்தால், சாவியை எடுத்த பிறகும் விசிறி கொஞ்ச நேரம் ஓடும். பேட்டரி இறங்கிவிடும் என்று பயப்படுகிறார்கள். 12 ஆம்பியர் விசிறி ஐந்து நிமிடம் ஓடினால் செலவாவது ஒரே ஒரு ஆம்பியர்-மணி.